கத்தறவன்தான் யோக்கியன்

அந்தக் கண்ணாடியப் பாக்காதீங்க தம்பி. டிரைவர் தலைக்கு மேல இருக்குதே, அதை. பாக்காதீங்கன்னு சொன்னா அதைத்தான் பாப்பீங்களா? நான் கோபியில ஏறுனதுல இருந்து அவன் அதுலதான் என்னைய நோட்டம் உட்டுட்டு வர்றான். நீங்க பாட்டுக்கு சன்னலுக்கு வெளிய பாத்துட்டு இருங்க, நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வர்றேன். பழக்கமில்லாதவங்க மாதிரியே இருந்துக்கலாம். பழக்கமில்லைங்கறதும் நெசந்தானுங்க.

நீங்க அந்தியூருக்கா? வெத்தலை யாவாரமா? அட, கேக்கக் கூடாதுன்னா சொல்லிப்போடுங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன். நானும் அந்தியூருக்குத்தான். ஸ்டேண்டுக்குப் பக்கத்துலயே இந்த மஞ்ச வண்டியோட ஓனர் ஆபீசு இருக்குதுங்க. இந்த வண்டிக்கு கண்டக்டரா வர்றயான்னு என்னைய வரச் சொல்லியிருக்கறாங்க. முன்னால டிக்கெட் கிழிச்சுட்டு உக்காந்திருக்கறாரே காளியண்ணன், அவரு ஓனருக்குச் சொந்தம். ஆளில்லாம சும்மா நிறுத்தி வெச்சிருக்கறாங்க. பாவம், எந்திரிச்சு நடக்கவே மாட்டாரு. வேணுங்கறவங்கதான் அவரு கிட்டப் போயி டிக்கெட் வாங்கிக்கோணும்.

இந்த வேலை கெடச்சா எனக்குப் பெரிய காரியமுங்க. காலு முறிஞ்சு ஊட்டுல உக்காந்ததுல இருந்து என்ர ஊட்டுக்காரி தையல் மெசினை மிதிச்சுத்தான் அடுப்பு எரியுது. ராத்திரி ஆனா அவ காலைப் புடிச்சுட்டு உக்காந்திருப்பா. ஆனா போறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலீங்க. ஏன்னு கேளுங்க. என்னையக் கூப்புடச் சொன்னதே அவன்தான். அந்த டிரைவர். பேரு நாச்சிமுத்து. "கண்டக்டர் வேணும்னா சென்னியப்பனை வெச்சுக்கங்க, அவனாட்டம் ஆளு இந்த லைன்லயே இல்ல"ன்னு ஓனர் கிட்டச் சொன்னானாமா. அவன் எதுக்குங்க எனக்கு நல்லது பண்ணோணும்? அதச் சொல்லுங்க மொதல்ல.

சொல்ல முடியாதல்ல? அதுதான். மொதல்ல இருந்து சொல்றேன், கேளுங்க.

நாங்க ரெண்டு பேரும் அப்ப பச்சை வண்டிங்க. நாச்சி டிரைவர், நான் கண்டக்டர். இதே லைன்தான், கோபிக்கும் அந்தியூருக்கும். மஞ்ச வண்டி முன்னால போகும், அது பொறகால நாங்க. நடுவுல கொஞ்சமே கொஞ்சம் நிமிசந்தான் இருக்கும். முன்னால போறவன் வேணும்னே மெதுவா உருட்டிட்டுப் போனான்னு வைங்க, பின்னால வர்றவனுக்கு ஏற வேண்டிய ஆளையெல்லாம் அவனே அள்ளிக்குவான். பின்னால வர்றவன் தாண்டிப் போயிட்டான்னா, முன்னால இருந்தவன் வெறும் சீட்டைத்தான் இழுத்துட்டுப் போகோணும். அதனால பொழுது விடிஞ்சா சண்டைதான். ஸ்டேண்டுல சண்டை, ரோட்டுல சண்டை, டீக்கடையில சண்டை. அந்தியூர் குருநாதசாமி பண்டிகை வந்துட்டா கேக்கவே வேண்டாம்.

எங்க லைன்ல ஒரு வழக்கம் இருக்குதுங்க. உங்களுக்குத் தெரியாது. ஒரு பிரச்சினைன்னா யாரு மொதல்ல கத்தறானோ அவன் பக்கந்தான் நியாயம். ஸ்டேண்டுல வண்டிக்கு நேரம் போடற டைம் கீப்பர் கிட்டயும் அப்பிடித்தான், போலீஸ்காரர் கிட்டயும் அப்பிடித்தான், ஓனர் கிட்டயும் அப்பிடித்தான். வாயத் தொறக்கறக்கு ஒருத்தன் யோசிச்சான்னா அவன் என்னமோ பண்ணிப்போட்டான்னு அர்த்தம். கத்தறவன்தான் யோக்கியன். அந்தக் கணக்குல நாச்சியாட்டம் யோக்கியன் ஈரோடு ஜில்லாவுலயே இல்லீங்க. அவன் கத்துனா டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால போயி நின்னுக்குவாரு. மனசுல ஒண்ணு வெச்சு வெளிய ஒண்ணு பேசவே தெரியாது. எனக்கு அவன் மூஞ்சியப் பாத்தாப் போதும், என்ன சொல்லப் போறான்னு தெரிஞ்சுரும். ஒரே தூக்குப்போசியில சோறு திம்போமுங்க. என்ர பொண்டாட்டி வெக்கற கொள்ளு ரசம் அவனுக்கு, அவன் பொண்டாட்டி சரசு பண்ற பருப்பு எனக்கு. அப்பிடி இருந்தோம்.

அப்ப இந்த மஞ்ச வண்டிய ஓட்டுனவன் பேரு துரைசாமி. ஒரு நாளு அத்தாணி ஸ்டாப்புல எங்களுக்குக் குறுக்க வண்டியப் போட்டு நிறுத்திப்போட்டான். நாச்சி எறங்கிட்டான். அவன் கையில ஜாக்கி லீவரு. லீவரால அடிக்கலீங்க, பொய் சொல்லக் கூடாது, அதைக் கீழ போட்டுட்டுக் கையாலதான் உட்டான். துரைசாமிக்கு முன்பல்லு போயிருச்சு. நானா? நான் என்ன பண்ணுனேனா? நான்தான் லீவரை எடுத்துக் குடுத்தேன். கூட்டாளின்னா அதுக்குக் கூட ஆகலீன்னா எப்பிடி?

கேசு ஆகி, நாச்சி லைசென்ஸைக் கொஞ்ச நாளைக்கு முடக்கி வெச்சுட்டாங்க. ஒரு வகுப்புக்குப் போய்ட்டு வந்தாத்தான் திருப்பிக் குடுப்போம்னு ஆர்.டி.ஓ. ஆபீசுல சொல்லிப்போட்டாங்க. ஈரோட்டுல ஒரு மண்டபத்துல நடந்துச்சு. அவனாட்டம் அடிதடி டிரைவருங்க எல்லாத்தையும் தரையில உக்கார வெச்சு, கோயமுத்தூர்ல இருந்து ஒரு அம்மா வந்து பாடம் நடத்துனாங்களாமா. என்ன பாடம்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல சென்னி, நிக்கச் சொல்லிக் குடுத்தாங்க"ன்னான். வண்டியவா? "இல்லப்பா, நம்மளை"ன்னான். அப்பவே எனக்கு ஒரு மாதிரியாப் போச்சுங்க.

வகுப்பு முடிஞ்சு வந்து வண்டி எடுத்த மொத நாளே பாருங்க. சவண்டப்பூர் கிட்ட மஞ்ச வண்டி உருட்டிட்டுப் போகுது. நாச்சி இப்பக் கத்துவான், இப்பக் கத்துவான்னு பாக்கறேன். ஆரன் மேல வெச்ச கைய எடுத்தான். எடுத்து, காதைத் தொட்டான். காது மடலைங்க, இப்பிடி. சித்த நேரம் அப்பிடியே இருந்தான். நெஞ்சு மேல ஏறி எறங்குச்சு. அப்பறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி கியரை மாத்திட்டு அவனுக்குப் பின்னாலயே போறான்! காது வலியான்னு கேட்டேன். இல்லைன்னான்.

அடுத்த நாளும் அதேதான். மஞ்ச வண்டி உருட்டுனா இவன் காதைத் தொடறான். இவன் காதைத் தொட்டா மஞ்ச வண்டி ஆளை அள்ளிட்டுப் போயிருது. நீங்க என்னுங்க நெனைப்பீங்க? சொல்லுங்க. சிக்னல்தானுங்க அது! சந்தேகமே இல்ல. மஞ்ச வண்டிக்காரங்க இவனை வெலைக்கு வாங்கிப்போட்டாங்க. நீ போ, நான் உன்னையத் தடுக்க மாட்டேன்னு காதைத் தொட்டுக் காட்டறான். முன்னால போறவன் பின்னால வர்றவன் காதை எப்பிடிப் பாப்பான்னு கேக்கறீங்களா? அவனுக்கும் கண்ணாடி இருக்குதல்லங்க. இதையெல்லாம் நான் யோசிக்காம இருப்பனா?

சரி, வெளியிலதான் இப்பிடின்னா ஊட்டுலயும் அப்பிடித்தானாமா. சரசு வந்து என்ர ஊட்டுக்காரி கிட்ட ஒரே அழுவாச்சி. "அக்கா, முந்தியெல்லாம் சோறு கொழஞ்சா தட்டு பறக்கும். இப்ப தட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கறாரு. அப்பறமா 'நாளைக்குத் தண்ணி கொறச்சு வெய்யி'ன்னு மெதுவாச் சொல்றாரு. எனக்குப் பயமா இருக்குதுக்கா." பயப்படாம என்ன பண்ணுவா? கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி மந்திரிச்சுக் கயிறு கட்டி உட்டா. அந்தக் கயித்தையும் கட்டிட்டு, சிரிச்சுட்டே வந்தான். என்ர ஊட்டுக்காரி மட்டும், "அந்த வகுப்பு எங்க நடக்குதுன்னு கேட்டு நீங்களும் ஒருக்காப் போய்ட்டு வாங்களே"ன்னா. பொம்பளைங்களுக்கு என்ன தெரியும்? அவ மெசினைக் கூட உடாம மிதிச்சுட்டே சொன்னா.

டைம் கீப்பர் கதையக் கேளுங்க. ஒரு நாளு அவரு எங்க நேரத்தைக் கொறச்சுப்போட்டாரு. தப்பு அவரு பேருலதான். நாச்சி அவரு முன்னால போயி நின்னான். நின்னான், அவ்வளவுதான். அவரு இவன் கத்துவான்னு முகத்தை இறுக்கிட்டு நிக்கறாரு. இவன் மூச்சு உடறான். கூட்டமே கூடிப் பாக்குது. அப்பறம் "அண்ணா, சித்த சரியாப் பாத்துச் சொல்லுங்க"ன்னான். அந்த மனுசன் பாத்தாரு, தலையச் சொறிஞ்சாரு, "தப்பாப் போட்டுட்டனப்பா"ன்னு எங்க நேரத்தைத் திருப்பிக் குடுத்துட்டாரு. கத்தாமயே! இத்தனை வருசத்துல கத்தாம ஒருத்தனுக்கு அங்க நேரம் கெடச்சு நான் பாத்ததில்லீங்க. உள்ளுக்குள்ள என்னமோ கை மாறியிருக்குதுன்னு அன்னைக்கே எனக்கு வெளங்கிப்போச்சு.

இருங்க. அதா பாருங்க, அந்தக் கார்க்காரன் எப்பிடிக் குறுக்க வந்தான்னு! இவன் ஒரு ஆரனாச்சும் அடிச்சானா? கேட்டா மூச்சைப் பாக்கறேம்பான். ரோட்டைப் பாக்க வேண்டாமா? சரி, ரோட்டையும் பாத்துத்தான் ஓட்டறான், அது எனக்கும் தெரியுமுங்க. இடிச்சானா? இடிக்கலை. நான் அதுக்குச் சொல்லலை.

எனக்கு நெசமாலுமே தாங்காமப் போனது என்ன தெரியுங்களா? சொன்னாச் சிரிப்பீங்க. முன்னெல்லாம் அவன் மனசுல இருக்கறது அப்பிடியே வாயில வரும். இப்ப நடுவுல ஒரு கதவு போட்டுக்கிட்டான். நான் என்னமோ கேட்டா, கதவைச் சாத்திட்டு உள்ள போறான். உள்ள என்ன பண்றான்? யாரு கூடப் பேசறான்? நானு வெளிய நிக்கறேன். அவ்வளவு நாளு பழகுன என்னைய வெளிய நிறுத்திப்போட்டானுங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. அழுகைன்னு சொன்னதை அங்க போயி யாருகிட்டயும் சொல்லீராதீங்க.

அப்பறம் ஒரு நாளு லீவுல கோபிக்குப் போனவன், நாச்சியப் பாத்துட்டேன். கூட யாரு? துரைசாமி! ரெண்டு பேரும் பல் டாக்டர் ஆஸ்பத்திரியில இருந்து எறங்கி வர்றாங்க. துரைசாமி வாயத் தொறந்து காட்டறான், நாச்சி குனிஞ்சு பாக்கறான். புதுப் பல்லு கட்டியிருக்குது. கட்டி உட்டது யாரு? உடைச்சவனே! அடிச்சவனே பல்லு கட்டித் தர்றான்னா அதுல என்னமோ இருக்குதா இல்லீங்களா? அப்பறம் டீ வேற குடிச்சாங்க. நான் எதுத்தாப்புல இருந்த பாத்திரக் கடையில அண்டா வெல கேக்கற மாதிரி நின்னு எல்லாத்தையும் பாத்தேன். கடைக்காரன் வேற அண்டாவை எடுத்துக் கையில குடுத்துப்போட்டான்.

மக்காநாளு வண்டி நிக்கற செட்டுல வெச்சு நேராவே கேட்டேன். "ஏப்பா, நீ எந்த வண்டிக்கு டிரைவரு?" அவன் பதில் சொல்லணுமல்ல? சொல்லலை. காதைத் தொட்டான். மூச்சு. நான் நிக்கறேன். அவன் சும்மா இருக்கறான். எவ்வளவு நேரந்தான் ஒருத்தன் சும்மா இருக்கறதப் பாத்துட்டே நிக்கறது? நானே பேச ஆரம்பிச்சுட்டேன். பாத்திரக் கடையில ஒளிஞ்சு நின்னதைச் சொல்லிப்போட்டேன். சிக்னல் கதையச் சொல்லிப்போட்டேன். ஓனர் காதுல போடப் போறேன்னும் சொல்லிப்போட்டேன். என்னைக்கோ அவன் போசியில இருந்து ஒரு துண்டுக் கறிய அதிகமா எடுத்துத் தின்னது வரைக்கும் வெளிய வந்துருச்சு. பாத்தீங்களா தந்திரத்தை? அவன் ஒரு வார்த்தை பேசலை, எல்லாத்தையும் என்ர வாயில இருந்தே கறந்துட்டான்.

கடைசீலதான் வாயத் தொறந்தான். "சென்னி, எனக்குக் கோவம் வந்தா மொதல்ல காது மடல்தான் சுடுது. இத்தனை வருசமா எனக்கே தெரியலப்பா. அந்த அம்மாதான், ஒடம்புல எங்க சூடு ஏறுதுன்னு பாரு, பாத்துட்டு அப்பறம் பேசுன்னாங்க. அதைத்தான் தொட்டுப் பாக்கறேன். சூடு எறங்கற வரைக்கும் நிக்கறேன். துரைசாமி கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். உன்கிட்டச் சொன்னா நீ சண்டைக்கு வருவேன்னு சொல்லலை." இதான் அவன் சொன்னது. காது சுடுதாமா! எனக்குந்தான் கோவம் வருது. எனக்கு எங்கயும் சுட்டதில்ல. நீங்க நம்புவீங்களா? சும்மா தலையாட்டாதீங்க, நம்புவீங்களா மாட்டீங்களான்னு சொல்லுங்க.

நான் எங்க பச்சை வண்டி ஓனர் கிட்டச் சொன்னேன். சொல்லோணுமல்லங்க? அவரு வண்டியில உக்காந்து அவரு சோத்தைத் திங்கறோம். அவரு எங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லி எதுக்க எதுக்க நிறுத்துனாரு. "நாச்சிமுத்து, மஞ்ச வண்டிக்காரன் கிட்ட நீ காசுக்குக் கை நீட்டுனயா?" ஒரே கேள்விதான். மடியில கனமில்லாதவன் என்ன பண்ணியிருக்கோணும்? தையா தக்கான்னு குதிச்சிருக்கோணும். என் கொழந்தை மேல சத்தியம்னு கத்தியிருக்கோணும். மேசையத் தட்டியிருக்கோணும். பழைய நாச்சியா இருந்தா ஓனரு நாற்காலியோட பின்னால போயிருப்பாரு.

இவன் நின்னான். காதைத் தொட்டான்.

நெசமாச் சொல்றேன் தம்பி, அப்ப எனக்கே பதறிப்போச்சு. கத்துறா, கத்துறான்னு மனசுக்குள்ள சொல்லிட்டு நிக்கறேன். மாட்டி உட்டவனே நான்தான், ஆனாலும் மனசு கேக்கலை. ஓனரு அவன் மூஞ்சியவே பாத்துட்டு இருந்தாரு. "இதுக்குக் கூட யோசிக்கோணுமா? யோசிக்கற அளவுக்கு என்னமோ இருக்குதல்ல? சாவிய வெச்சுட்டுப் போ"ன்னுட்டாரு. அப்பறமாத்தான் நாச்சி, "இல்லீங்க, நான் யாருகிட்டயும் கை நீட்டலீங்க"ன்னு மெதுவாச் சொன்னான். ஆறிப்போன சோத்தை யாரு திம்பாங்க? சாவிய வெச்சான். என்னையப் பாத்தான். அப்பவாச்சும் என்னைய நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை. எதுக்குக் கேக்கலை? குத்தமுள்ள நெஞ்சு, அதான். வேற என்னுங்க காரணம் இருக்க முடியும்?

அப்பறம் கதைய முடிக்கற மாதிரி ஒண்ணு நடந்துச்சு. துரைசாமி சொந்தமா ஒரு லோடு வண்டி எடுத்துட்டுப் போயிட்டான். போறப்ப, "என்ர எடத்துக்கு நாச்சிமுத்தைப் போட்டுக்கங்க"ன்னு மஞ்ச வண்டி ஓனர் கிட்டச் சொல்லிப்போட்டுப் போயிருக்கறான். இவனும் போயிச் சேந்துட்டான். இப்பச் சொல்லுங்க, நான் சொன்னது சரியாப் போச்சா இல்லீங்களா? அவன் மஞ்ச வண்டி ஆளுதான்னு நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பலை. அதா, கண்ணு முன்னால ஓட்டிட்டுப் போறான்! வேலை போன பொறகுதான் சேந்தான்னு நீங்க சொல்லுவீங்க. என்ர ஊட்டுக்காரியும் அதையேதான் சொல்றா. மொதல்லயே பேசி வெச்சிருக்க மாட்டாங்களா?

எனக்குப் புதுசா ஒரு டிரைவர் குடுத்தாங்க. சதீசுன்னு பேரு. நல்ல யோக்கியனுங்க, எடுத்ததுக்கெல்லாம் கத்துவான். எதுத்து வர்ற மாட்டு வண்டி கிட்டக் கூடக் கத்துவான். அவனுக்குச் சமமா நானும் கத்துனேன். எனக்குப் பழைய காலம் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. ஒரு நாளு அவனுக்கும் எனக்குமே வாக்குவாதம் ஆகிப்போச்சு, ஒரு ஸ்டாப்புல நிறுத்தாமப் போனதுக்கு. நான் ஒரு காலு படியில, ஒரு காலு கீழ வெச்சுட்டு நின்னு கேட்டுட்டு இருக்கறேன். அவன் கோவத்துல வண்டிய எடுத்துட்டான். அவ்வளவுதான், முட்டி போச்சு. வேணும்னு பண்ணலீங்க, பாவம், கோவக்காரன். நொண்டிக் கண்டக்டரை வெச்சு என்ன பண்றதுன்னு ஓனரு என்னைய நிறுத்திப்போட்டாரு. சதீசு ஆஸ்பத்திரிப் பக்கமே வரலை. வேலை இருந்திருக்கும்.

நாச்சி வந்தான். சாத்துக்குடி வாங்கிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்தான். நர்சம்மா வந்து கட்டைப் பிரிச்சப்ப நான் கத்துன கத்துல, என்ர கையப் புடிச்சுக்கிட்டான். உடவே இல்ல. அவன் போனதுக்கப்பறம் அந்தச் சாத்துக்குடிய நான் திங்கலீங்க. மொதல்ல பக்கத்துக் கட்டில்காரருக்கு ஒண்ணு குடுத்தேன். காலையில அவரு நல்லாத்தான் எந்திரிச்சாரு. அப்பறமாத்தான் நான் தின்னேன்.

அத்தாணி தாண்டிட்டோம். இனி கொஞ்ச தூரந்தான் அந்தியூரு. போனா வேலை கெடைக்கும். ஊட்டுக்காரி காலுக்கு ஓய்வு கெடைக்கும். ஆனா அப்பறம் தெனமும் இவன் பொறகால நிக்கோணும். நான் பண்ணுனதுக்கு ஒரு நாளைக்கு இல்லாட்டி ஒரு நாளைக்கு இவன் பழி வாங்காம இருப்பானா? நானா இருந்தா வாங்கியிருப்பேன். எப்ப வாங்குவான், எப்ப வாங்குவான்னு பாத்துட்டே எப்பிடிங்க டிக்கெட் கிழிக்கறது? வேண்டாஞ்சாமி. நான் இங்கயே எறங்கிக்கறேன். ஓனர் ஆபீசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். காளியண்ணா! நிறுத்தச் சொல்லுங்க, எறங்கோணும். இங்கதாண்ணா. ஸ்டாப்பு இல்லீன்னா என்ன, நிறுத்துங்க.

சித்த அந்த ஊணுகோலை எடுங்க தம்பி. வர்றேன். உங்க பேரு கூடக் கேக்கலை. பரவால்ல, கேட்டா நீங்களும் எதுக்குக் கேக்கறான்னு நெனைப்பீங்க.

எறங்கிட்டேன், எறங்கிட்டேன். போகச் சொல்லுங்க. சன்னல்ல இருந்து கைய உள்ள எடுத்துக்கங்க தம்பி, வண்டி எடுப்பான்.

என்ன எடுக்க மாட்டேங்கறான்? காளியண்ணா, எறங்கிட்டனுங்க, போங்க! என்னுங்க தம்பி பண்றான் அவன்? சும்மா உக்காந்திருக்கறானா? என்னையத் திரும்பியாச்சும் பாக்கறானா? பாக்கறானா... அடக் கடவுளே, பொறகால பாருங்க. பச்சை வண்டி! சதீசு வர்றான். அடுத்த ஸ்டாப்புல நூல் மில்லு. இப்பத்தான் சிப்டு உடற நேரம், அங்க நிக்கற கூட்டம் பூராவும் இவனோடது. இப்ப எடுத்தான்னா இவனுக்கு, இல்லீன்னா அவனுக்கு. டேய் நாச்சி! எடுறா! பொறகால பாருடா! என்னைய எதுக்குடா பாக்கறே, நான் எங்கடா போகப் போறேன், எடுறா வண்டிய!

போச்சு. தாண்டிட்டான். சிரிச்சுட்டுப் போறான் பாருங்க அந்த நாயி. பல்லைக் காட்டிட்டுப் போறான்! இவன் இன்னும் உக்காந்தே இருக்கறான். கூட்டத்தையே தூக்கிக் குடுத்துட்டு, எனக்காக ரோட்டு மேல நிக்கறான். இவனை என்னுங்க பண்றது? புடிங்க தம்பி, கையக் குடுங்க, ஏறிக்கறேன். மெதுவா, முட்டி. காளியண்ணா, அந்த டிக்கெட் பைய இங்க குடுங்க. குடுங்கண்ணா, நீங்க உக்காருங்க. படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க! மில்லு ஸ்டாப்புல அந்தப் பையன் எப்பிடியும் பாதிப் பேரை உட்டுட்டுத்தான் போவான், வெரட்டுனா மிச்சத்தைப் புடிச்சரலாம். போலாம் ரைட்! ரைட்டுங்கறேன், எடு நாச்சி!

உப்... சித்த நகந்துக்கங்க தம்பி, மூச்சு வாங்குது. வேலைக்கு ஒத்துக்கிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. அந்தியூர் வரைக்குந்தான். என்ன சொன்னான்னு கேக்கறீங்களா? நான் ஏறுனதும் திரும்பிப் பாத்து, "கால் பத்திரமா வெச்சுட்டயா?"ன்னான். அவ்வளவுதான். சித்த நேரம் ரெண்டு பேரும் மூஞ்சி மூஞ்சியப் பாத்துட்டு சும்மா இருந்தோம். நானும் எங்கெங்கயோ தேடிப் பாத்துட்டனுங்க, அதுல ஒரு சூது கூட இருந்த மாதிரித் தெரியலை. அதுதான் எனக்கு இப்பப் பெரிய சந்தேகமா இருக்குது.